உஸ்மான் செம்பேனின் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

செனகல் நாட்டு இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1963ஆம் ஆண்டு தொடங்கி 2004ஆம் ஆண்டு வரை எடுத்த படங்களை ஒரு முறையோடு பார்த்து முடிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகப் பார்க்கிறவர்களுக்கும், ஊரில் சிறிய திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் இது பயன்படும். ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டத்தின் மீதுள்ள மரியாதைக்காக ஏதேனும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல படம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். அப்படிப் பார்த்தால் செம்பேன் பாதிதான் கிடைப்பார். ஒரு படத்தில் எழுப்பிய கேள்வியை, சில வேளை பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூட, இன்னொரு படத்தில் மீண்டும் கையிலெடுக்கிறவர் அவர் என்பதால், படங்களைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போதுதான் அந்த உழைப்பின் முழு அளவு விளங்கும்.

அந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொள்ள ஓர் இழை வேண்டும். நான் பரிந்துரைக்கும் இழை காகிதம். கடிதம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், புதைப்பதற்கான அனுமதிச் சீட்டு, கரன்சி நோட்டு, செக் என்று ஏதோ ஒரு காகிதம் செம்பேனின் பெரும்பாலான படங்களில் எளிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அந்தக் காகிதம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, அதை யார் படித்துச் சொல்கிறார், படித்துச் சொன்னவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்ற மூன்றையும் ஒவ்வொரு படத்திலும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஐந்தாறு படங்கள் கடந்த பிறகு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால், அவருடைய திரைவாழ்வின் அடிப்படை அக்கறை அதில் இருக்கும்.

முதல் படத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இயக்குநரின் வாழ்க்கைக் கதை தெரியாமலேயே பார்த்து ரசிக்கத்தக்க படங்கள் உலகில் ஏராளம் உண்டு. செம்பேனைப் பொறுத்தவரை அவருடைய முதல் நாற்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னாளில் அவர் எடுத்த படங்களின் மூலப்பொருள் முழுவதும் அந்த ஆண்டுகளில் சேர்ந்ததுதான். 1923இல், செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதியிலுள்ள சிகன்ஷோர் நகரில், ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. கொத்தனார் வேலை, மெக்கானிக் வேலை எனப் பல வேலைகள் பார்த்தார். 1944இல் பிரெஞ்சுக் காலனிப் படையில் சேர்க்கப்பட்டார். 1947 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை நீடித்த டக்கார்–நைஜர் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் அவர் மனத்தில் அழியாத தடம் பதித்தது. 1960இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவலுக்கு அதுவே களம்.

பிறகு பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியானார். அங்கே தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். கப்பலில் வேலை செய்யும்போது முதுகெலும்பில் பலத்த அடிபட்டது. எழுத்தாளராக அவரை உருவாக்கியது கல்லூரி எதுவுமன்று. தொழிற்சங்கத்தின் நூலகமும் தோழர்களின் உரையாடலும்தான். 1956இல் ஒரு கறுப்பினத் துறைமுகத் தொழிலாளியைப் பற்றிய முதல் நாவல் வெளிவந்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த 1960ஆம் ஆண்டு வாக்கில் அவர் தாயகத்துக்குத் திரும்பி, மாலி, காங்கோ உள்ளிட்ட நாடுகளில் பயணம் செய்தார். யாருடைய வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுதினாரோ அவர்களால் அந்த நூல்களைப் படிக்க இயலாது என்ற உண்மை அந்தப் பயணத்தில் அவருக்கு உறைத்தது. சினிமா மக்களுக்கான இரவுப் பள்ளி என்று பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது. திரைப்படம் கற்க வழி தேடியபோது சோவியத் ஒன்றியம் இடம் கொடுத்தது. 1962இல் மாஸ்கோவின் கோர்க்கி ஸ்டுடியோவில், மார்க் தொன்ஸ்கோய் என்ற இயக்குநரிடம் பயின்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

ஒரு சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1934இல் லவால் என்ற பிரெஞ்சு அமைச்சர் பிறப்பித்த ஆணையின்படி, ஆப்பிரிக்கக் காலனிகளில் அரசின் முன் அனுமதி இல்லாமல் எவரும் படம்பிடிக்க முடியாது. பாரிஸ் திரைப்படப் பள்ளியில் பயின்ற முதல் ஆப்பிரிக்கரான பாலின் வியேரா, 1955இல் தம் தோழர்களுடன் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தபோது, ஆப்பிரிக்காவில் எடுக்க வழியின்றிப் பாரிஸ் நகரத் தெருக்களில் எடுத்தார். அதே வியேரா பின்னர் செம்பேனின் தயாரிப்புப் பணிகளைத் தோளில் சுமந்தார். சொந்த மண்ணில், சொந்த மக்களை நடிக்கவைத்துப் படமெடுப்பது அந்தத் தலைமுறைக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை உணர்ந்துகொண்டு முதல் படத்துக்குள் செல்லுங்கள்.

முதல் மூன்று படங்களை வெளியான வரிசையிலேயே பாருங்கள்

1963இல் வந்த 'போரோம் சரே' ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் கறுப்பு–வெள்ளைக் குறும்படம். டக்கார் நகரில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒரு நாள்தான் கதை. காலைத் தொழுகையோடு புறப்படுகிறார். வழக்கமான சவாரிகள் காசு கொடுக்காமலே இறங்கிக்கொள்கிறார்கள். தெருவில் ஒரு பாணன் அவருடைய முன்னோரின் வீரத்தைப் பாடப் பாட, அன்று சம்பாதித்த காசையெல்லாம் அவனிடம் கொடுத்துவிடுகிறார். இந்தப் படத்தில் இரண்டு இடங்களில் கவனத்தைக் கூர்மையாக்குங்கள். இறந்த குழந்தையின் உடலோடு வரும் தந்தையை வண்டிக்காரர் இடுகாட்டுக்கு அழைத்துச் செல்கிறார். சீட்டு சரியாக இல்லை என்று வாயிலில் தடுத்துவிடுகிறார்கள். குழந்தையின் உடலைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு வண்டி கிளம்பிவிடுகிறது. பிறகு, வண்டிகளுக்கு அனுமதியில்லாத பிளாத்தோ என்ற பணக்காரப் பகுதிக்கு ஒரு கனவானை ஏற்றிச் செல்லும்போது காவலர் வண்டியைப் பிடித்துக்கொள்கிறார். போர்ச் சேவைக்காகக் கிடைத்த பதக்கம் கீழே விழ, காவலரின் கால் அதன்மேல் அழுந்துகிறது. பதக்கமும் சீட்டும் அரசு கொடுப்பவைதான். ஒன்று கையிலிருந்தும் மதிப்பில்லை. மற்றொன்று கையில் இல்லாததால் குழந்தையைப் புதைக்கவும் வழியில்லை. குறிப்பேட்டின் முதல் பதிவுகள் இவையாக இருக்கட்டும்.

அதே மாலையில், இடைவெளி விட்டு, 1966இல் வெளிவந்த 'லா நுவார் த' படத்தையும் பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஒரு மணிநேரம்தான். பிரெஞ்சு நாளிதழில் வந்த ஒரு தற்கொலைச் செய்தியிலிருந்து முதலில் ஒரு சிறுகதையும், பிறகு இந்தப் படமும் பிறந்தன. தியுவானா என்ற செனகல் இளம்பெண், டக்காரில் தான் வேலை பார்த்த பிரெஞ்சுக் குடும்பத்தை நம்பி அவர்களோடு பிரான்ஸின் ஆந்தீப் நகருக்குச் செல்கிறாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்துச் சென்றவளுக்குச் சமையலும் துடைப்பமும் நான்கு சுவர்களும் மட்டுமே கிடைக்கின்றன. முகமூடி ஒன்று படம் முழுவதும் வருகிறது. அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் தொடர்ந்து கவனித்து வந்தால் போதும், வசனமே தேவைப்படாத அளவுக்குக் கதை விளங்கும். டக்கார் வீட்டில் மற்ற முகமூடிகளோடு கிடந்தது, ஆந்தீப் வீட்டின் வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. இறுதியில் டக்காருக்குத் திரும்பி, ஒரு சிறுவனின் முகத்தில் ஏறி, பழைய முதலாளியைத் துரத்திக்கொண்டே வருகிறது.

காகிதத்துக்கும் இதில் ஒரு காட்சி உண்டு. தியுவானாவின் தாய் எழுதியதாக ஒரு கடிதம் வருகிறது. முதலாளி அதைப் படித்துக்காட்டுகிறார். அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவள் சார்பில் பதிலும் எழுதத் தொடங்குகிறார். அவள் கடிதத்தைக் கிழித்துப்போடுகிறாள். படிக்கத் தெரியாத ஒருத்தி தனக்காக மற்றவர்கள் பேசுவதை மறுக்கும் அந்தக் கணத்தை இரண்டு முறை பாருங்கள். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: திரையில் தியுவானாவாக நடித்தவர் எம்பிசின் தெரேஸ் தியோப்; அவளுடைய மனக்குரலாக நாம் கேட்பதோ ஹைட்டியைச் சேர்ந்த தோத்தோ பிசேந்தின் பிரெஞ்சுக் குரல். எழுத்தறிவற்ற செனகல் பெண்ணின் உள்ளம் ஏன் இவ்வளவு திருத்தமான பிரெஞ்சில் பேச வேண்டும் என்ற கேள்வி எழுவது நியாயம். பிரான்ஸின் பணமும் பிரான்ஸின் விதிமுறைகளும் இல்லாமல் அன்று ஒரு செனகல் இயக்குநரால் படத்தை முடித்திருக்க முடியாது. அந்த ஆண்டு பிரான்ஸில் ழான் விகோ விருதையும், துனிசியாவில் முதன்முறையாக நடந்த கார்த்தேஜ் திரைப்பட விழாவின் உயரிய விருதையும் படம் வென்றது. விருதுகளை விடவும் அந்த மொழிச் சிக்கல்தான் அடுத்த படத்துக்கு அவரைத் தள்ளியது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த படம் 1968இன் 'மண்டாபி'. ஒரே ஒரு செம்பேன் படத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்று யாரேனும் சொன்னால், இதைத்தான் கையில் கொடுப்பேன். ஆப்பிரிக்க மொழி ஒன்றில், அதாவது செனகல் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசும் உவொலோஃப் மொழியில், எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் இது. பிரெஞ்சு அரசின் திரைப்பட நிதியிலிருந்து முன்பணம் கிடைத்தது. அதற்காகப் பிரெஞ்சு மொழியிலும் ஒரு பதிப்பை எடுக்க வேண்டியிருந்தது. வண்ணத்தில் எடுப்பது தயாரிப்பாளரின் வற்புறுத்தல். நீங்கள் பார்ப்பது உவொலோஃப் பதிப்புதானா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கதை நம் வாசகர்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்று. இரண்டு மனைவியரும் பல பிள்ளைகளும் உள்ள, வேலையில்லாத, நடையுடையில் மட்டும் கம்பீரம் குறையாத இப்ராஹிமா தியெங் என்பவருக்கு, பாரிஸில் தெருக்கூட்டும் உறவுக்காரப் பையனிடமிருந்து 25,000 பிராங்க்குக்கு மணியார்டர் வருகிறது. அதில் 2,000 மட்டுமே அவருக்கு. 3,000 பையனின் தாய்க்கு. மீதி 20,000 பையனுக்காகச் சேமித்துவைக்க வேண்டியது. பணம் கைக்கு வருவதற்கு முன்பே மனைவியர் கடையில் கடனுக்கு அரிசி வாங்கிவிடுகிறார்கள். செய்தி தெருவெங்கும் பரவி உறவும் அயலும் கைநீட்டி வந்துவிடுகின்றன. தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் வேண்டும். சான்றிதழ் கேட்டு நகராட்சிக்குப் போனால் பிறந்த தேதி, மாதம் கேட்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததோ சுமாராக 1900 என்பது மட்டுமே. இத்தனை கவுண்ட்டர்களிலும் அவர் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். தெருவில் அங்கியை வீசி நடக்கிறவர், ஒவ்வொரு ஜன்னலுக்கு முன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறார். புகைப்படக் கடையில் பணத்தைக் கொடுத்தும் படம் கிடைக்காமல், மூக்கில் குத்து வாங்கி ரத்தத்தோடு வீடு திரும்புகிறார். இறுதியில் பிரெஞ்சு படித்த, கோட்டு சூட்டு அணிந்த உறவினன் ஒருவன் உதவுவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணத்தை எடுத்துவிட்டு, வழியில் பறிகொடுத்துவிட்டதாகக் கைவிரிக்கிறான்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் யார் பிரெஞ்சு பேசுகிறார், யார் உவொலோஃப் பேசுகிறார் என்பதைத் தனியே குறியுங்கள். சப்டைட்டில் இரண்டு மொழிகளையும் ஒரே மாதிரி காட்டும் என்பதால், அதை மட்டும் படித்துக்கொண்டு போனால் இந்த வேறுபாடு நழுவிவிடும். காதைத் தீட்டிக் கேட்டால் பத்து நிமிடத்தில் இரண்டு மொழிகளின் ஓசையும் பிரிந்து கேட்கத் தொடங்கும். அதன்பின் தியெங் ஏமாறும் ஒவ்வொரு இடத்திலும் மொழி மாறுவதைக் காண்பீர்கள். இந்தப் படம் வெனிஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. செனகல் மக்கள் தங்கள் பேச்சைத் திரையில் கேட்டார்கள் என்பதே அதனினும் பெரிய பேறு.

வரலாற்றுப் படங்கள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

இங்கிருந்து வெளியான வரிசையைக் கைவிடுவது நல்லது. 'எமித்தாய்' 1971லும், 'செட்டோ' 1977லும், 'தியாரோய் முகாம்' 1988லும் வந்தன. இவற்றைக் கதை நிகழும் கால வரிசையில், அதாவது செட்டோ, எமித்தாய், தியாரோய் முகாம் என்று அடுத்தடுத்துப் பார்த்தால், செனகலின் முந்நூறு ஆண்டு வரலாற்றை எழுதப்பட்ட பாடநூல்களுக்கு எதிராகச் செம்பேன் எப்படி அமைத்திருக்கிறார் என்பது தெரியும்.

'செட்டோ' பழங்கால அரசு ஒன்றில் நடக்கிறது. இமாமின் செல்வாக்கு ஒருபுறமும், துப்பாக்கியும் சாராயமும் கொடுத்து அடிமைகளை வாங்கும் வெள்ளை வணிகன் மறுபுறமும் நெருக்க, பழைய நம்பிக்கையை விட மறுக்கும் குடிமக்கள் இளவரசியைக் கடத்திச் செல்கிறார்கள். அவசரமாகப் பார்க்கக் கூடாத படம் இது. அரசவைக் காட்சிகள் நீண்டவை, சம்பிரதாயமான பேச்சும் பழமொழிகளும் நிறைந்தவை. மக்கள் தலைமொட்டையடிக்கப்பட்டு அரபுப் பெயர் சூட்டப்படும் காட்சியில் செம்பேனே ஒருவராக வரிசையில் நிற்கிறார். அடிமைகள்மீது சூட்டுக்கோல் வைக்கப்படும்போது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் ஒலிப்பது, அந்த மனிதர்கள் எங்கே கொண்டுபோகப்படப்போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. இசை மனு திபாங்கோ. கவிஞரும் செனகலின் முதல் குடியரசுத் தலைவருமான செங்கோரின் அரசு, படத்தின் பெயரை எழுதுவதில் ஓர் எழுத்து கூடுதல் என்று காரணம் காட்டிப் படத்தைத் தடைசெய்தது. இணங்க மறுத்த செம்பேனால், செங்கோர் பதவி விலகிய பின்னரே தம் நாட்டில் அதைத் திரையிட முடிந்தது. மதமாற்றத்தை இவ்வளவு வெளிப்படையாக விவாதித்த படத்துக்கு எழுத்துப்பிழை மட்டுமே காரணமாக இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

'எமித்தாய்' இரண்டாம் உலகப் போரின்போது கசமான்ஸ் பகுதியில் நடக்கிறது. பிரெஞ்சுப் படை முதலில் இளைஞர்களைப் பிடித்துச் செல்கிறது, பிறகு அரிசி கேட்கிறது. தியோலா இனப் பெண்கள் அரிசியை ஒளித்துவைத்துவிட்டு, வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் தெய்வங்களைக் கலந்தாலோசித்துக்கொண்டிருக்கையில் எதிர்ப்பை நடத்துவது பெண்கள்தான் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; இறுதிப் படங்களுக்கு வரும்போது தேவைப்படும்.

'தியாரோய் முகாம்' தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து இயக்கிய படம். ஜெர்மன் சிறை முகாம்களிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், டக்காருக்கு அருகிலுள்ள தியாரோயில் தங்கவைக்கப்படுகிறார்கள். பிரான்ஸில் சேர்த்த நோட்டுகளைப் பாதி மதிப்புக்குத்தான் மாற்றித் தருவோம் என்கிறார்கள் அதிகாரிகள். சிப்பாய்கள் தங்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தைக் கேட்கிறார்கள். தளபதி வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். 1944 டிசம்பர் 1 அதிகாலையில் டாங்கிகள் வருகின்றன. புகன்வால்ட் வதை முகாமில் பேச்சை இழந்துவிட்ட பாய் என்ற சிப்பாய் காவல் கோபுரத்திலிருந்து டாங்கிகளைப் பார்த்துவிட்டு ஓடிவந்து எச்சரிக்கிறான். போரின் பயம் இன்னும் தெளியவில்லை என்று மற்றவர்கள் அவனைத் தேற்றித் தூங்கச் சொல்கிறார்கள். செம்பேன் எடுத்த காட்சிகளிலேயே என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான். இந்தப் படத்தின் நாயகனான சார்ஜண்ட் தியாத்தாவின் சொந்த ஊர், பிரெஞ்சுப் படையால் அழிக்கப்பட்ட எஃபோக். 'எமித்தாய்' படத்துக்கு அடிப்படையானது அந்த வட்டாரத்தில் நடந்த எதிர்ப்புதான். அதனால்தான் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

தயாரிப்பு முறையிலும் இந்தப் படத்துக்குத் தனி இடம் உண்டு. பிரான்ஸின் பணம் ஒரு காசுகூடத் தொடாமல், செனகல், அல்ஜீரியா, துனிசியா ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாக வந்தது. வெனிஸ் விழாவில் சிறப்புப் பெருவிருது பெற்றும், பிரான்ஸில் பல ஆண்டுகள் வெளிவரவில்லை. தியாரோயில் நடந்தது படுகொலை என்பதைப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில்தான். கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

விடுதலைக்குப் பின்

1975இன் 'ஹாலா' படத்தையும் 1992இன் 'கெல்வார்' படத்தையும் இணையாக வையுங்கள். முதலாவது, வணிகர் சங்கத்திலிருந்து வெள்ளையர்களை வெளியேற்றிவிட்டு நாற்காலிகளில் அமரும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களைக் காட்டுகிறது. சற்று நேரத்தில் அதே வெள்ளையர்கள் கைப்பெட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாக நோட்டு. மூன்றாம் திருமணம் செய்துகொண்ட அன்றிரவே ஆண்மையிழந்துபோகும் எல் ஹாஜி என்ற வணிகர், இறக்குமதி செய்த பாட்டில் தண்ணீரைக் காருக்கும் ஊற்றுகிறவர். அவருடைய மகள் ராமா அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. தந்தை பிரெஞ்சில் கேட்டால் உவொலோஃப் மொழியில் பதில் சொல்கிறாள். பதவி பறிபோகும் கூட்டத்தில் எல் ஹாஜி கடைசியாக உவொலோஃப் பேச அனுமதி கேட்கும்போது மறுக்கப்படுகிறது. அந்த ஆண்டுகளில் செம்பேன், மொழியியலாளர் பாத்தே தியான்யுடன் சேர்ந்து 'கட்டு' என்ற உவொலோஃப் இதழை நடத்திக்கொண்டிருந்தார் என்பதை அறிந்து பார்த்தால் ராமாவின் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும். செனகல் தணிக்கைக் குழு ஏறக்குறைய பத்து இடங்களில் கத்தரி வைத்தது. 1973இல் வெளிவந்த அதே பெயருள்ள நாவலையும் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், ஒரே கதையை எழுத்தில் எப்படிச் சொன்னார், காட்சியில் எப்படிச் சொன்னார் என்று ஒப்பிட அருமையான வாய்ப்பு.

'கெல்வார்' மீண்டும் ஒரு பிணத்தையும் சீட்டையும் பற்றியது. உணவு உதவிக்கு எதிராகப் பேசிய கத்தோலிக்கர் ஒருவரின் உடல், பிணவறையில் நடந்த குளறுபடியால் முஸ்லிம் கிராமத்தின் கல்லறையில் புதைக்கப்பட்டுவிடுகிறது. உடலைத் திரும்பப் பெறும் முயற்சியே கதை. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் 'போரோம் சரே' படத்தின் இடுகாட்டு வாயிலில் தொடங்கிய பேச்சு இங்கே தொடர்வதைப் பார்ப்பீர்கள். இறுதி ஊர்வலத்தின் பாதையில் இளைஞர்கள் உதவி மூட்டைகளைக் கொட்டி, அதன்மேல் வண்டி செல்லும் காட்சிக்கு முன்னால் ஒரு நீண்ட உரை உண்டு. அதைத் தமிழில் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் திரையிடலில் மிகவும் உதவும்.

இறுதி இரண்டு

2000இன் 'ஃபாத் கினே' பெட்ரோல் நிலையம் நடத்தும், தனியாகப் பிள்ளைகளை வளர்த்த டக்கார் பெண்ணின் கதை. இதை மற்றப் படங்களின் உயரத்தில் நான் வைக்கமாட்டேன். ஆனால் அடுத்த படத்துக்கு இது படிக்கட்டு என்பதால் விட்டுவிடவும் வேண்டாம். அன்றாட வாழ்வின் வீரத்தைப் பற்றி மூன்று படங்கள் எடுக்கத் திட்டமிட்டு, இதை முதலாவதாகவும் 2004இன் 'மூலாதே' படத்தை இரண்டாவதாகவும் எடுத்தார். மூன்றாவதை எடுப்பதற்குள், 2007 ஜூனில் காலமானார்.

'மூலாதே' எடுக்கும்போது அவர் எண்பதைத் தாண்டியவர். புர்கினா ஃபாசோவின் ஜெரிசோ கிராமத்தில், மின்வசதியும் சாலையும் கடினமான இடத்தில், பம்பாரா மொழியில் எடுத்தார். பெண் உறுப்புச் சிதைப்புச் சடங்கிலிருந்து தப்பி ஓடிவரும் நான்கு சிறுமியர், கொல்லே ஆர்தோ என்ற பெண்ணிடம் அடைக்கலம் கேட்கிறார்கள். அவள் வீட்டு வாசலின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டுகிறாள். அடைக்கலத்தின் அடையாளமான அந்தக் கயிற்றைத் தாண்ட ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை. குறிப்பேடு வைத்திருப்பவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும்: நாற்பதாண்டு காலம் காகிதம் செய்ததை, இங்கே எழுத்தே இல்லாத ஒரு கயிறு செய்கிறது, அதைக் கட்டியவளும் ஒரு பெண். ஊர்ப் பெரியவர்கள் பெண்களின் ரேடியோக்களைப் பறித்து மசூதிக்கு முன் குவித்துக் கொளுத்துகிறார்கள். பெண்களுக்கு வெளியுலகச் சேதி எந்த வழியாக வருகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கணவன் சவுக்கால் அடிக்க, கொல்லே நின்ற இடத்திலேயே நிற்கும் காட்சி கடுமையானது. திரையிடல் நடத்துகிறவர்கள் பார்வையாளர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சடங்குக் காட்சிகளும் உண்டு. பதின்பருவத்தினர் வருவார்களென்றால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசிவிட்டு அழைப்பதே முறை. கான் விழாவின் 'அன் செர்த்தேன் ரகார்' பிரிவில் இந்தப் படம் முதற்பரிசு பெற்றது.

திரையிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

செம்பேன் தம் படங்களைத் தாமே ஊர் ஊராக எடுத்துச் சென்று, திரையிட்ட பின் மக்களோடு உட்கார்ந்து விவாதித்தவர். எனவே படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கலைந்துவிடுவது இந்தப் படங்களுக்குச் செய்யும் நியாயமாகாது. படத்தின் நீளத்தில் பாதியளவு நேரத்தையாவது பேச்சுக்கு ஒதுக்குங்கள். பேச்சைத் தொடங்குகிறவர் இயக்குநரின் மேதைமையைப் புகழ்ந்து நேரத்தைக் கரைக்காமல், ஒரு பாத்திரம் செய்தது சரியா தவறா என்று கேட்டுத் தொடங்கட்டும். வண்டிக்காரர் பாணனுக்குக் காசு கொடுத்தது சரியா? தியெங் அயலாருக்கு அரிசி கொடுத்திருக்க வேண்டுமா? இப்படிக் கேட்டால் பின்வரிசையில் இருப்பவரும் வாய் திறப்பார்.

ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க முடியாதவர்கள் அரங்கில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். படிக்கத் தெரியாதவர்களுக்காகவே படமெடுத்தவரின் திரையிடலில் அவர்கள் வெளியே நிற்கக் கூடாது. தொடங்கும் முன் கதைச் சுருக்கத்தைத் தமிழில் சொல்லிவிடுங்கள். 'மண்டாபி', 'மூலாதே' போன்ற படங்களுக்கு, ஒருவர் மைக்கில் முக்கிய வசனங்களை மட்டும் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வரும் ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். பிரதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. 'போரோம் சரே', 'லா நுவார் த', 'மண்டாபி', 'எமித்தாய்', 'ஹாலா', 'செட்டோ', 'தியாரோய் முகாம்' ஆகியவை அண்மை ஆண்டுகளில் மீட்டெடுக்கப்பட்டுத் துலக்கமான வடிவில் கிடைக்கின்றன. மங்கிய பழைய பிரதிகளில் முகபாவங்கள் காணாமற்போய்விடும். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

இத்தனையும் முடிந்தபின் அவரைப் பற்றி சம்பா காஜிகோவும் ஜேசன் சில்வர்மனும் எடுத்து 2015இல் வெளிவந்த ஆவணப்படத்தைப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் படங்களின் முக்கியக் காட்சிகள் தெரிந்துபோய்விடும். அதற்குப் பிறகு செனகலின் மற்ற இரு பெரிய இயக்குநர்களான ஜிப்ரில் தியோப் மம்பெத்தி, சாஃபி ஃபாய் ஆகியோரிடம் செல்லலாம். மம்பெத்தியின் 1973ஆம் ஆண்டுப் படமான 'தூகி பூகி' செம்பேனின் நேர்கோட்டுக் கதைசொல்லலுக்கு நேரெதிரானது. 'மண்டாபி' படத்தின் அதே டக்கார், ஐந்தே ஆண்டு இடைவெளியில், வேறொரு கண்ணில் எப்படித் தெரிந்தது என்று பார்க்க அந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வையுங்கள்.